இதர தானியங்களில் ஒன்பது கிராம்

ஜனவரி 14

அக்காவுக்கு,

பதினோரு மாதம் ஆயிற்று. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், இந்தப் பிடிவாதம் போதும்.

அம்மா கண்ணை மூடிய அன்று, கூடத்தில் அத்தனை பேர் முன்னால், "மூணு நாள் முன்னாடி வந்திருக்கலாமே, உனக்கு அம்மாவும் அட்டவணையில ஒரு வரிதானே" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நீயும் மூன்று நாள் முன்னால் வந்திருக்கலாம். "அட்டவணை முடிஞ்சதும் வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாய். அதற்குள் அம்மா போய்விட்டாள். சரி, இதை ஆரம்பித்தால் காகிதம் போதாது. விடு.

நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். மாவட்டத்துக்கே மாவு அரைக்கிற எங்கள் மில்லுக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. கம்பைத் தீட்டி, தோலையும் முளைக்கருவையும் நீக்கிவிட்டு அரைக்கிறது. முன்பெல்லாம் அரைத்த மாவு பத்தாம் நாள் காறிப்போகும். பிள்ளைகள் வாயில் வைத்ததும் துப்பும். சுகாதார நிலையத்துக்குப் பிள்ளைகளை எடை போடக் கொண்டுவருகிற தாய்மார்களுக்கு என்னிடம் இதே புலம்பல்தான். இப்போது மாவு வெள்ளை வெளேரென்று இருக்கிறது, இரண்டு மாதம் வைத்தாலும் வாடை இல்லை. மில்காரர் ஏதோ தானே பெற்ற பிள்ளை மாதிரி அந்த இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

உள்ளே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உன் உணவுக் கணக்கு அலுவலகத்துப் படிவம்தான், எங்கள் தானியக் கணக்கு. வருடா வருடம் மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் போகும். இந்த முறை மழையில் பாதை சரிந்து அவர்கள் தபால் மூட்டை அங்கேயே கிடக்கிறது, எங்கள் சுகாதார நிலையத்துப் போனும் செத்துவிட்டது. பஸ் டிரைவர் நகரத்தில் தபால் பெட்டியில் போடுகிறேன் என்றார். நேராக உன் கைக்கே வந்தால் வேலை சுலபம் என்று இதோடு வைத்தேன். எடை போட்டது மில்காரர், எழுதியது நான். நூறு கிலோ கம்புக்கு இருபத்திரண்டு கிலோ தவிடும் முளையுமாகக் கழிகிறது. அது அப்படியே லாரியில் கீழே கோழித்தீவனத் தொழிற்சாலைக்குப் போகிறது. கோழிகளுக்கு யோகம்.

என் வாண்டுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. உன் போட்டோவைக் காட்டி "இவங்க ஏன் மொறைக்கிறாங்க?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது என்று எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உறையின் மேல் "திட்டு இல்லை, பிரி" என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? அது பொய். திட்டு இருக்கிறது.

மார்ச் முதல் தேதியிலிருந்து ரேஷன் கடையில் எண்ணெய் நிறுத்திவிட்டார்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். "உங்க மாவட்டத்துல சாப்பிடற தானியத்துலயே கொழுப்பு போதுமான அளவு இருக்காம். எண்ணெய் மத்த ஊருக்கு வேணுமாம். நான் என்னம்மா பண்ண, பேப்பர்ல இருக்கு" என்றார். அந்தப் பேப்பரின் அடியில் உன் பிரிவின் பெயர் அச்சடித்திருக்கிறது.

என்னிடம் எடைக்கு வருகிற பிள்ளைகள் முப்பத்தொரு பேர். மார்ச்சில் பத்தொன்பது பேருக்கு எடை இறங்கியிருக்கிறது. கீரை வேண்டிய மட்டும் இருக்கிறது, வேலியெல்லாம் கீரைதான். ஆனால் எண்ணெய் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் கண்ணுக்கு வேண்டிய சத்து உடம்பில் ஒட்டாது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். கண்ணுக்கான மாத்திரை இங்கே ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டது. கப்பல் வந்தால் வரும் என்கிறார்கள்.

போன வாரம் பொழுது சாயும் நேரம் வாண்டு வாசல் நிலையில் முட்டிக்கொண்டாள். விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் அதே நேரம், அதே நிலை. நேற்று சொன்னாள், "அம்மா, வெளக்கு போடு." அக்கா, விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இது மாலைக்கண். இதற்கு அடுத்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியாவது இருப்பேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? ஜனவரியில் எழுதினேனே, அதற்கும் ஏன் ஒரு வரி பதில் இல்லை? என் மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டு. முப்பத்தொரு பிள்ளைகள் உன்னை ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை


ஏப்ரல் 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாண்டைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் கல் இல்லை.

ஆனால் நாங்கள் வாய்க்கு வந்த எண்ணை எழுதுகிறோம் என்று நீ நினைப்பது நியாயமில்லை. நாட்டில் விளைந்தது, கப்பலில் வந்தது, வெளியே போனது, விதைக்கு எடுத்தது, வீணானது எல்லாம் பார்த்து, மிச்சத்தைத் தலைக்கு வகுக்கிறோம். அதில் எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு கொழுப்பு என்று விகிதம் போட்டு எழுதுகிறோம். அரிசி, கோதுமைக்குத் தனித்தனி வரி உண்டு. கம்பு, தினை, வரகு எல்லாம் சேர்ந்து கடைசியில் "இதர தானியங்கள்" என்று ஒரே வரி. நாட்டுக் கணக்கில் அந்த வரியின் கொழுப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிராம். முக்கால் கிராமுக்காக யாரும் மூக்குக்கண்ணாடி மாட்டுவதில்லை.

உங்கள் மலையில் மட்டும் அது ஒன்பது கிராம், ஏனென்றால் நீங்கள் கம்பைத்தான் சாப்பிடுகிறீர்கள். மற்றதெல்லாம் சேர்த்து உங்கள் மாவட்டத்துக்கு மொத்தம் இருபத்தொன்று. இந்த வருடம் எண்ணெய்க் கப்பல் பாதிதான் வந்தது. இருபது கிராமுக்கு மேலே இருக்கும் மாவட்டங்களுக்கு எண்ணெய் வேண்டாம் என்று மேலே முடிவு செய்தார்கள். முடிவு என்னுடையதல்ல.

அந்த ஒன்பது போன வருடத்து எண். உங்கள் படிவம் வரவில்லை. படிவம் வராத இடத்துக்குப் போன வருட எண்ணைப் பென்சிலில் எழுதி வைப்போம். படிவம் வந்ததும் அழித்துவிட்டுப் பேனாவால் எழுதுவோம். அச்சகம் பென்சில் எழுத்தை வாங்காது என்பதால், கடைசி நாள் வரை வராவிட்டால் அதே எண்ணைப் பேனாவால் எழுதிவிடுவோம். இது எனக்கு முன்னாலிருந்தே வரும் வழக்கம். உங்கள் மாவட்டத்துக்கு நான்தான் எழுதினேன்.

ஜனவரியில் உன் கடிதம் ஒன்று வந்தது உண்மைதான். வேலை நெருக்கடி, சரியாகப் படிக்க முடியவில்லை. படிவத்தை எப்போது, யார் வழியாக அனுப்பினீர்கள் என்று விசாரித்து எழுது. மாவட்ட அலுவலகத்தின் அலட்சியமாகத்தான் இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

விசாரித்துவிட்டேன். அலட்சியம் யாருடையது என்று கண்டுபிடித்தும் விட்டேன்.

படிவம் உன்னிடம்தான் இருக்கிறது. ஜனவரிக் கடிதத்துக்குள், நாலாக மடித்து. "சரியாகப் படிக்க முடியவில்லை" என்றால் என்ன அர்த்தம்? ஒரு வரி படித்திருந்தாலும் படிவம் மடியில் விழுந்திருக்கும். நீ அதைப் பிரிக்கவே இல்லை. சின்ன வயதில் எனக்கு வந்த பரீட்சை முடிவுக் கார்டையே என்னை முந்திக்கொண்டு பிரித்தவள் நீ. என் கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருப்பாய்!

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அந்த இயந்திரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். "மாவு காறுவதால் குழந்தைகள் உண்பதில்லை" என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு மனு கொடுத்தேன். மாவு ஏன் காறுகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? அதில் எண்ணெய் இருந்தது, அதனால் காறியது. காறல் போனபோது எண்ணெயும் கூடவே போனது. நேற்று மில்லில் நின்று அந்தத் தவிட்டை ஒரு பிடி எடுத்துப் பிசைந்தேன். உள்ளங்கை பளபளவென்று ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மில்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

"இனிமே தீட்டாம அரைச்சுக் கொடுங்க" என்றேன். "அரைக்கலாம்மா, தானியம் எங்க இருக்கு? அறுவடை வரைக்கும் வேண்டியதையெல்லாம் தீட்டித்தானே மூட்டை கட்டியாச்சு" என்றார். தவிட்டையாவது வாங்கலாம் என்றால், இருக்கிறதெல்லாம் மாதக்கணக்கில் கிடந்து புழுத்தது.

வாண்டின் கண்ணின் வெள்ளையில் சோப்பு நுரை மாதிரி ஒரு திட்டு வந்திருக்கிறது. ஏதாவது செய், அக்கா. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.


ஏப்ரல் 24

என் சில்வண்டுக்கு,

சின்ன வயதில் உனக்கு வைத்த இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆமாம், பிரிக்கவில்லை. மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், ஸ்டேப்ளருக்குக் கீழே கிடந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் கூடத்தில் நீ கேட்டது காதில் விழுந்தது. மறுபடி அதைப் படிக்கத் தெம்பில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். அந்த இழுப்பறைக்கு மேலேதான், அதே மேஜையில், "படிவம் வரவில்லை" என்று பேனாவால் ஒன்பது எழுதினேன். இடையில் ஒரு பலகைதான் இருந்தது.

உன் இந்தக் கடிதம் வந்த அன்றே அந்த ஜனவரி உறையைப் பிரித்தேன். படிவத்தை வைத்துப் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். முளையும் தவிடும் போன கம்பில் மிஞ்சுகிற கொழுப்பு ஒன்பது இல்லை, மூன்றுகூட இல்லை. உங்கள் மொத்தம் பதினைந்து. நாட்டிலேயே கடைசி நீங்கள்தான். எண்ணெய் முதலில் வந்திருக்க வேண்டிய இடத்தில் நான் நிறுத்தியிருக்கிறேன்.

இயக்குநரிடம் போனேன். "அச்சாகிடுச்சும்மா. அடுத்த வருஷ அட்டவணையில திருத்திடலாம்" என்றார். "அடுத்த வருஷம் திருத்துனா கண்ணு திரும்ப வருமா சார்?" என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அச்சான அட்டவணையைத் திறக்க ஒரே வழிதான் இருக்கிறது: தவறு யாரால், எப்படி நடந்தது என்று செய்தவர் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். "எழுதுனா வேலை போகும், யோசிச்சுக்குங்க" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. நாளை காலை கொடுக்கிறேன்.

ஆனால் மேலே போய்த் திரும்பி வரக் குறைந்தது இரண்டு வாரம். அதுவரை பொறுக்க என்னால் முடியவில்லை. பதினாலு மருந்துக்கடை ஏறி இறங்கி எட்டு மாத்திரை கிடைத்தது. ஒரு சின்ன டின் எண்ணெயும் வாங்கினேன். இரண்டையும் பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். வாண்டுக்கு உடனே கொடு. முறைக்கிற பெரியம்மா அனுப்பினாள் என்று சொல்லு.

அக்கா


மே 3

அக்கா,

டின்னும் எட்டு மாத்திரையும் வந்து சேர்ந்தன. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று காலை எடை நாள். முப்பத்தொரு பேரும் வரிசையில் இருந்தார்கள். டிரைவர் எல்லார் முன்னாலும், "சிஸ்டர், உங்க அக்கா கண்ணு மாத்திரை குடுத்துவிட்டாங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டார். தாய்மார்கள் எல்லாரும் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

டார்ச் அடித்து ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் பார்த்தேன். கருவிழி மங்கத் தொடங்கியவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்கு அன்றைக்கே கொடுக்காவிட்டால் பார்வை போய்விடும். வாண்டுக்கு நுரைத்திட்டு மட்டும்தான், கருவிழி தெளிவாக இருந்தது. மோசமானவர்களுக்கு முதலில் என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை. வாண்டு ஒன்பதாவது.

எட்டுப் பேருக்கும் கொடுத்துவிட்டேன். எண்ணெயை வீட்டுக்கு இரண்டு கரண்டி என்று அளந்து ஊற்றினேன். எங்கள் வீட்டுக்கும் இரண்டு கரண்டி.

நான்கு நாள் கழித்து வாண்டுக்குக் காய்ச்சலும் பேதியும் வந்தது. இன்று காலை இடது கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வெளிச்சம் குத்துகிறதாம். நான் பார்த்தேன், அக்கா. கண்ணாடி மேல் மூச்சு விட்ட மாதிரி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் பாதை மறுபடி சரிந்து பஸ் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் சரிவை அள்ளும் வேலையில் அங்கேயே தங்கியிருக்கிறார். இந்தக் கடிதம் அவர்கள் ஆள் ஒருவர் கையில்தான் வருகிறது. நாளைக்கு அவர் வந்ததும், அவளைத் தோளில் கட்டிக்கொண்டு சரிவைத் தாண்டப் போகிறோம்.

நீ அவளுக்கென்று அனுப்பினாய். நான் ஊருக்குக் கொடுத்துவிட்டேன். யாரிடம் போய் இதைச் சொல்வேன்? சரியாகத்தான் செய்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.


மே 12

என் கண்ணே,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. நீ எழுதி ஒன்பது நாள் போய்விட்டது. அங்கே என்ன ஆயிற்று என்று தெரியாமல் எழுதுகிறேன்.

சரியாகத்தான் செய்தாய் என்று நான் சொல்ல மாட்டேன். தப்பு என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. எட்டு மாத்திரை அனுப்பியபோது நான் ஒரு பிள்ளையைத்தான் நினைத்தேன். முப்பத்தொன்று என்று நீ எழுதியிருந்தாய், எண்களையே பிழைப்பாக வைத்திருக்கிற நான் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. இன்னும் பதினாலு கடை ஏறியிருக்கலாம். ஒன்பதாவதைத் தேடியிருக்கலாம்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். "தங்கையின் கடிதத்தை வேண்டுமென்றே பிரிக்காமல் வைத்திருந்தேன்" என்ற வரியை நீக்கிவிடச் சொன்னார்கள், அலுவலகத்துக்கு அது கேவலமாம். நீக்க மாட்டேன் என்றேன். அந்த வரி இல்லாவிட்டால் பழி உங்கள் மாவட்ட அலுவலகத்தின் மேல் விழும், விசாரணை என்று மூன்று மாதம் இழுப்பார்கள். வரி இருந்ததால் ஆறே நாளில் முடிந்தது. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திருத்தம் அச்சாகிவிட்டது. ஒன்பதை அடித்து, இரண்டு புள்ளி ஏழு. உங்கள் மாவட்டத்துக்கு எண்ணெய் உத்தரவு நேற்றுக் கையெழுத்தானது. பாதை திறந்ததும் முதல் லாரி வரும். லாரி டிரைவரிடம் நாற்பது மாத்திரை கொடுத்திருக்கிறேன். எங்கே கிடைத்தது என்று கேட்காதே, ஒவ்வொரு வாசலாய் நின்றேன்.

வாண்டு எப்படி இருக்கிறாள்? ஒரே ஒரு வரி எழுது. எந்த வரியானாலும் உடனே பிரிப்பேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறேன். இனிமேல் உன்னிடமிருந்து வருகிற எதையும் இழுப்பறைக்குள் போட மாட்டேன்.

அக்கா


மே 26

அக்காவுக்கு,

லாரி வந்துவிட்டது. கடை வாசலில் ஊரே நின்றது. மில்காரர் இயந்திரத்தில் தீட்டும் பகுதியைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார். அடுத்த அறுவடையிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சமாக அரைத்துக்கொள்வது, காறுவதற்குள் தின்றுவிடுவது என்று பேசி முடித்திருக்கிறோம். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.

அந்த எட்டுப் பேருக்கும் பார்வை பிழைத்துவிட்டது. ஒருத்தன் நேற்று என் டார்ச்சைத் திருடிக்கொண்டு ஓடினான்.

இனி வாண்டைப் பற்றி. சரிவைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மதியம். டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணைப் பார்த்துவிட்டு, "மூணு நாள் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இதே வார்த்தையைத்தான் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் உன்னிடம் சொன்னேன், ஜனவரிக் கடிதத்திலும் எழுதினேன். அது எங்கே போய்க் குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா விஷயத்தில் இனி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அவளுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. இடது பக்கம் யாராவது வந்து நின்றால் திடுக்கிட்டு அழுகிறாள். வலது பக்கம் என்றால் சிரிக்கிறாள். உன் போட்டோவை எடுத்து வலது கண்ணுக்கு நேரே பிடித்து, "இவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். வேலை இல்லை, அட்டவணை இல்லை, இனி உனக்குச் சாக்கும் இல்லை. நாளைக்கே புறப்படு.

வந்து அவளுக்கு வலது பக்கமாக உட்கார்.

உன் சில்வண்டு